சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஓடும்போது

மூக்கண்டப்பள்ளி,
3 மார்ச் 2025

அனிதாவுக்கு,

பூங்கொடி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. என் நம்பரையும் உன் அண்ணன் நம்பரையும் நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். மாமாவுக்குப் போன் செய்தால், "அவங்களுக்கு ஏதாச்சும் சொல்லணும்னா பேப்பர்ல எழுதி அனுப்பச் சொல்லுப்பா. எழுதுனத அழிக்க முடியாதில்ல" என்று உன் அப்பா பின்னால் நின்று நீ கத்துவது எனக்கும் கேட்கிறது. சரி, எழுதுகிறேன். நாட்றாம்பாளையம் பஸ் கண்டக்டர் ராமப்பன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதில் எழுதினால் அவரிடமே கொடு.

விஷயம் மானிட்டர். நீ பார்த்துப் பார்த்து வாங்கினாயே, அந்தப் பெரிய மானிட்டர். திடீர் திடீரென்று கறுத்துப்போகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல மறுபடி எரிகிறது. லேப்டாப் திரையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அந்தச் சின்னத் திரையில் டிராயிங் போட என் கண்ணுக்கு முடியவில்லை. பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானம்மா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடையில் சமர்த்தாக இருப்பது இங்கே வந்து மாட்டினால் கறுத்துவிடுகிறது. ஒரு கோட்டைப் பிடித்து இழுக்கும்போது இருண்டுபோனால் எங்கே விட்டேன், எதை நகர்த்தினேன் என்று தெரிவதில்லை.

மாரிமுத்து அண்ணனின் பிரஸ்ஸுக்கு, தகடு வெட்டும் புது டை செட் டிராயிங் முழுவதும் உகாதிக்குள் கொடுத்தாக வேண்டும். "இதுலயும் சொதப்புனா நான் பொம்மசந்திரா ஆளப் பாத்துக்கறேன்மா" என்று அவர் சொல்லிவிட்டார். அவர் ஒருத்தர்தான் இப்போது நமக்கு மிச்சம் இருக்கும் பெரிய கஸ்டமர்.

ஒன்று நேராகவே கேட்கிறேன். இந்த ஆபீசை விட்டுப் போன அன்று நீ கடைசியாகத் தொட்டது அந்த மானிட்டரைத்தான். ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போனாயா?

பூங்கொடி


நாட்றாம்பாளையம்,
7 மார்ச் 2025

அண்ணிக்கு,

நான் அந்த மானிட்டரைத் தொட்டது துடைப்பதற்கு. என் கைரேகை கூட உங்கள் ஆபீசில் இருக்க வேண்டாம் என்று துடைத்துவிட்டு வந்தேன். அதில் ஏதாவது செய்துவைக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் செய்திருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். போன வருடம் தீபாவளிக்கு முன்னால் மாரிமுத்து அண்ணனுக்குப் போன பிளேட்டில் ஒரு துளை தள்ளிப்போய், மொத்த டையும் வீணாயிற்று. அந்த டிராயிங்கை நான் சரியாகப் போட்டு வைத்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். நான் இல்லாத நேரத்தில் அளவை மாற்றியது நீங்கள். "மாத்தி அனுப்பிட்டேன்" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் நீங்களே போட்டீர்கள். டை வீணான சேதி வந்ததும் அதை அழித்தீர்கள். மாரிமுத்து அண்ணன் ஆட்களோடு வந்து நின்றபோது, "அது அனிதா போட்ட டிராயிங்" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். என் அண்ணன் சிவராஜ் ஷிப்டுக்கு நேரமாச்சு என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பழியை என் தலையில் போட்டுவிட்டு அன்று சாயங்காலம் எனக்கு பூரி வேறு சுட்டுக் கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு ஓசூரில் எந்த டூல் ரூமிலும் எனக்கு வேலை இல்லை. சூளகிரியில் ஒரு இடத்தில் இன்டர்வியூ நன்றாகப் போயிற்று. மேசையில் உட்கார வைத்து டிராயிங் போடச் சொன்னார்கள், போட்டேன், தலையாட்டினார்கள். அப்புறம் மாரிமுத்து அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதோடு சரி. டூல் டிசைன் டிப்ளமா முடித்தவள் இங்கே அப்பாவோடு ராகிக் காட்டில் பன்றி விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மாரிமுத்து அண்ணனிடம் போய், "மாத்தினது நான்" என்று சொல்லுங்கள். அவர் ஷெட் நம் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது? சுவரைச் சுற்றி நடந்தால் போதும். நீங்கள் சொன்ன மறுநாளே நான் வந்து மானிட்டரைச் சரி செய்து தருகிறேன்.

சொல்லமாட்டீர்கள் என்று தெரியும். அதுவரைக்கும் செய்து பாருங்கள்: கேபிளை இரண்டு முனையிலும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். அப்புறம் புதுக் கேபிள் வாங்கி மாட்டுங்கள். செட்டிங்கில் போய்த் திரையின் வேகத்தைக் குறையுங்கள். கறுக்கும்போது பக்கத்தில் என்ன நடக்கிறது என்றும் கவனித்து எழுதுங்கள். மாரிமுத்து அண்ணனின் பெரிய பிரஸ் ஓடும்போது கறுக்கிறதா?

அனிதா


மூக்கண்டப்பள்ளி,
12 மார்ச் 2025

அனிதாவுக்கு,

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். கேபிள் துடைத்தாயிற்று, புதுசு வாங்கியாயிற்று, வேகத்தைக் குறைத்தாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. நீ கேட்டது சரிதான். பிரஸ் கிளம்பும்போதுதான் பெரும்பாலும் கறுக்கிறது. நான் எழுந்து உட்காரும்போதும் சில சமயம் ஆகிறது. என்னைப் பார்த்தால் அதற்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

நீ கேட்ட மற்ற விஷயத்துக்கு வருகிறேன். என்னால் முடியாது. மாரிமுத்து அண்ணனிடம் போய் நான்தான் என்று சொன்னால் இந்த ஆபீசை அன்றே பூட்ட வேண்டியதுதான். வேலை தெரிந்தவள் போய்விட்டாள், வேலை தெரியாதவள் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதானே அவர் நினைப்பார்? உனக்கு என்ன, ஒண்டிக்கட்டை. கோயம்புத்தூர் போகலாம், சென்னை போகலாம். எனக்கு இந்த ஷெட்டும் மேலே இருக்கிற வீடும்தான்.

நீ மட்டும்தான் கணக்கு வைத்திருப்பதாக நினைக்காதே. நான் கோவில்பட்டியிலிருந்து கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் நீயும் உன் அண்ணனும் என் முன்னாலேயே கன்னடத்தில் பேசிச் சிரிப்பீர்கள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து ஏதோ சொல்வாய், அவர் சிரிப்பார். "என்னங்க சொல்லுதா?" என்று கேட்டால், "ஒன்னுமில்ல பூங்கொடி" என்பார். எத்தனை நாள் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவி எழுந்தேன் தெரியுமா? ஆபீஸுக்கு யார் வந்தாலும் நேராக உன் மேசைக்குப் போவார்கள். நான் டீ சொல்லி அனுப்புகிறவள். அன்று மாரிமுத்து அண்ணன் வந்து யார் போட்டது என்று கேட்டபோது, முதல் முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

வருத்தப்பட்டேனா என்றால் பட்டேன். அதைப் பூரியாகத்தான் காட்டத் தெரிந்தது. நீ அதையும் சொல்லிக்காட்டுகிறாய்.

மானிட்டருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது.

பூங்கொடி


நாட்றாம்பாளையம்,
15 மார்ச் 2025

அண்ணிக்கு,

தட்டைப் பார்த்து நான் சொன்னது என்ன என்று இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். "அண்ணி கொழம்பு நல்லா வெக்கறாங்க, அத நேர்ல சொன்னா தலைக்கு மேல ஏறிக்குவாங்க" என்று சொல்வேன். நம்பினால் நம்புங்கள். இப்போது அந்தப் பாராட்டைக் கூட உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை, கோபத்தில் எழுதிவிட்டேன்.

இங்கே ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். "ஏம்மா, கம்பெனியில இருந்து தொரத்திட்டாங்களாமே?" என்று எங்கள் தெருச் சரோஜம்மாள் தண்ணீர்க் குழாய் அடியில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். போன வாரம் தேன்கனிக்கோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. மாப்பிள்ளை வேலை பார்ப்பது மாரிமுத்து அண்ணனுக்கு ஜாப் ஒர்க் செய்யும் கம்பெனியில். விசாரித்திருப்பார்கள். மாப்பிள்ளை போனதில் எனக்கு நஷ்டமில்லை. என் பெயர் இப்படிப் பஸ் ஏறி ஊர் ஊராகப் போகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

மானிட்டருக்கு வருகிறேன். நீங்கள் எழுந்து உட்காரும்போது கறுக்கிறது என்றீர்களே, அது நாற்காலியின் வேலை. ஏறி இறங்கும் சுழல் நாற்காலியிலிருந்து ஸ்டாட்டிக் கிளம்பித் திரையை அடிக்கும். இது பொய்யில்லை, நெட்டில் தேடிப் பாருங்கள். அதைத் தூக்கி வெளியே போடுங்கள். பேக்கிங்குக்கு ஒரு உயரமான மர ஸ்டூல் இருக்கிறதே, அதில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். முதுகு வலிக்கும். பழகிவிடும்.

அடுத்து இரும்பு மேசை. பிரஸ் ஓடும் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, அதுதான் அதிருகிறது. மேசையை எதிர்ச் சுவருக்கு இழுங்கள். பொருளை எல்லாம் இறக்கிவிட்டு நீங்களே இழுங்கள், அண்ணனைக் கூப்பிட வேண்டாம். அவன் அவசரத்தில் இழுத்து மானிட்டரையே கீழே தள்ளிவிடுவான். அந்தப் பக்கம் பிளக் எட்டாது. வயரைத் தரையோடு போட்டுக் கொண்டுபோங்கள்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் எழுதுங்கள். என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது.

அனிதா


மூக்கண்டப்பள்ளி,
20 மார்ச் 2025

அனிதாவுக்கு,

மேசையை இழுத்தேன். நான்கு கால்களையும் மாற்றி மாற்றி நகர்த்திச் சேர்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. ஷெட்டைப் பெருக்கித் துடைக்க வரும் சரசம்மா பார்த்துவிட்டு, "ஏனம்மா இது, மனை மாத்தறீங்களா?" என்று கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை, பள்ளிக்கூடத்தில் தண்டனை கொடுத்தது போல உட்கார்ந்திருக்கிறேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும், சிரித்துக்கொள்.

சரியாகவில்லை. முன்னைவிட அதிகமாகக் கறுக்கிறது. இதில் புதிதாக இன்னொன்று. மேசையில் கை வைத்தால் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. வெயில் காலத்து வியர்வையா, எனக்குத்தான் நரம்புத் தளர்ச்சியா தெரியவில்லை. இதையும் உன்னிடம் சொல்லி வைக்கிறேன்.

இப்போது எழுதப்போவதை யாரிடமும் காட்டாதே. ஆமாம், அளவை மாற்றியது நான்தான். மாரிமுத்து அண்ணனின் ஆள் போனில் ஏதோ அளவு சொன்னான், எனக்குப் பாதிதான் புரிந்தது. திரும்பக் கேட்க வெட்கப்பட்டு நானே ஒரு அளவைப் போட்டு அனுப்பினேன். உன்னிடம் கேட்டிருந்தால் நிமிடத்தில் சொல்லியிருப்பாய். உன்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் கேட்கவில்லை. எனக்கும் வேலை தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது.

உனக்கு மட்டும் சொல்கிறேன். இது போதாதா? உகாதி நெருங்கிவிட்டது. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. உன் அண்ணனிடம் சொல்லி நானே பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்புகிறேன்.

பூங்கொடி


நாட்றாம்பாளையம்,
22 மார்ச் 2025

அண்ணிக்கு,

போதாது.

நீங்கள் மாற்றினீர்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டுக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறீர்கள். என்னை அசிங்கப்படுத்தியது ஆள் கூட்டத்துக்கு நடுவில், ஒத்துக்கொள்வது மட்டும் மடித்த காகிதத்துக்குள். நல்லா இருக்கிறது நியாயம்.

மேசையில் எறும்பு ஊர்கிறதா? ஊரட்டும். தீபாவளியிலிருந்து எனக்குத் தேள் ஊர்கிறது, நான் யாரிடம் சொல்லி வைத்தேன்?

சுவரைச் சுற்றி நடங்கள். அன்று நான் பஸ் ஏறுகிறேன். அதுவரைக்கும் இருட்டிலேயே டிராயிங் போடுங்கள்.

அனிதா


நாட்றாம்பாளையம்,
24 மார்ச் 2025

அண்ணிக்கு,

இதைப் படித்ததும் முதல் வேலையாக மெயினை அணைத்துவிடுங்கள். மேசையைத் தொடாதீர்கள். அப்புறம் மீதியைப் படியுங்கள்.

முந்தாநாள் கடிதத்தை ராமப்பன் கையில் கொடுத்ததிலிருந்து அந்த எறும்பு என் தலைக்குள் ஊர்கிறது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்கள் மானிட்டரில் ஒரு கோளாறும் இல்லை. உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம். கடையில் ஓடுகிறது, இங்கே கறுக்கிறது என்றால் கோளாறு இடத்தில்தான். பிரஸ் கிளம்பும்போது என்று நீங்கள் எழுதியதும் உறுதியாகிவிட்டது. ஷெட்டுக்குப் பின்னால் பப்பாளி மரத்தடியில் பொட்டு வைத்த கல் ஒன்று கிடக்கிறதல்லவா? அதன் கீழே இருப்பது நம் ஷெட்டின் எர்த் குழி. கரியும் உப்பும் போட்டு இரும்புக் குழாய் இறக்கியிருக்கிறது. அந்த மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும். காய்ந்துவிட்டால் பிரஸ் கிளம்பும்போதெல்லாம் கரண்டில் வரும் இரைச்சல் போக வழியில்லாமல் திரையில் வந்து அடிக்கும். நான் இருந்தவரை திங்கட்கிழமை காலையில் சூடம் கொளுத்துவதற்கு முன்னால் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுவேன். யாரும் அங்கே கழிவு இரும்பைக் கொட்டிவிடக் கூடாது என்றுதான் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். சாமி என்றால் தொடமாட்டார்கள்.

கேபிளும் நாற்காலியும் மேசையும் உங்களை அலைய விடுவதற்காக. நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து கஷ்டப்படுவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். மேசைக் கால் வயர் மேல் உட்காரும் என்று நினைக்கவில்லை. அப்படி நசுங்கியிருந்தால் மேசையில் கரண்ட் வரும். எர்த் நன்றாக இருந்தால் உடனே டிரிப் ஆகி மெயின் விழுந்துவிடும். இப்போது ஆகாது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாற்றுங்கள். குழியில் ஒரு வாரம் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். மானிட்டர் தானே சரியாகும். உங்கள் மேல் இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

அனிதா


மூக்கண்டப்பள்ளி,
2 ஏப்ரல் 2025

அனிதாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை சரசம்மா ஷெட்டைக் கழுவிவிட்டிருந்தாள். தரை ஈரம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பிரஸ் கிளம்பியது, திரை கறுத்தது. சலித்துப்போய் ஒரு கையை மேசையில் ஊன்றி இறங்கினேன். கால் தரையில் பட்டதுதான் தெரியும். கையை எடுக்க முடியவில்லை. கத்த நினைத்தேன், சத்தம் வரவில்லை. சரசம்மா பார்த்துவிட்டு ஓடிப் போய் மெயினை இழுத்திருக்கிறாள். அப்படியே ஸ்டூலோடு சாய்ந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருக்கிறது. இந்தக் கையால் மவுஸ் பிடிக்க மழைக்காலம் ஆகும் என்கிறார் டாக்டர். பிடித்தாலும் பழையபடி வருமா என்று அவர் சொல்லவில்லை.

உன் கடைசிக் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. ராமப்பனின் பஸ் எஃப்.சி. சோதனைக்குப் போய் நின்றுவிட்டதாம். "அர்ஜெண்டுன்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லீங்களே" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மெயினை அணைத்துவிட்டு மீதியைப் படியுங்கள் என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்தேன்.

உனக்கு என் நம்பர் தெரியும். மாமா போன் உன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். ஆள் சாகலாம் என்று தெரிந்த பிறகும் நீ காகிதத்தை எடுத்து, பேனாவைத் தேடி, மடித்து, பஸ்ஸில் அனுப்பியிருக்கிறாய். என் குரலைக் கேட்கக் கூடாது என்பது அவ்வளவு முக்கியமாகப் போய்விட்டது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நீ போன மறுவாரமே சரசம்மா குடத்தோடு வந்தாள். "அனிதம்மா திங்கக்கெழமை ஆனா அந்தச் சாமிக்கு நீரு ஊத்தும், நானு ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். உங்கள் ஊர்ச் சாமி என்று நினைத்தேன். "அவ சாமி அவளோட போகட்டும், நீ ஒன்னும் ஊத்த வேண்டாம்" என்று சொன்னேன். பொட்டையும் அழித்து அதன் மேல் பழைய இரும்பைக் கொட்டச் சொன்னதும் நான்தான். உன் மேல் இருந்த எரிச்சலில் கல்லோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கட்டுப் போட்ட கையோடு சனிக்கிழமை சுவரைச் சுற்றி நடந்தேன். மாரிமுத்து அண்ணன், அவருடைய ஆட்கள், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் இருந்தார்கள். பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். "தீபாவளிக்கு வீணான டை என்னால வீணானது. அளவ மாத்துனது நான், அனிதா இல்ல. அவ மேல பொய்யாப் பழி போட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "அந்தப் பொண்ண நான் கண்டபடி பேசிட்டனேம்மா" என்றார். சூளகிரிக்கும் அவரே போன் செய்து சொல்லிவிட்டார். புது டிராயிங் பொம்மசந்திராவுக்குப் போய்விட்டது. அது போகட்டும்.

உன் பெயர் சுத்தமாகிவிட்டது. இப்போது நான் பழி வாங்குவதைக் கேள். டாக்டர் கேட்டார், மாரிமுத்து அண்ணன் கேட்டார், உன் அண்ணன் அழுதுகொண்டே கேட்டார். மேசையை ஏன் இழுத்தாய், ஸ்டூலில் ஏன் உட்கார்ந்தாய் என்று. எனக்கே தோன்றியது, நானே செய்தேன் என்றேன். மாமா வந்தபோது கால் வழுக்கி விழுந்தேன் என்றேன். உன் கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். சரசம்மாவிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ செய்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், நான் சாகிற வரை யாரிடமும் சொல்லமாட்டேன். எல்லோரும் உன்னை நல்லவள் என்று சொல்லட்டும். நீ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திரு.

பூங்கொடி


நாட்றாம்பாளையம்,
6 ஏப்ரல் 2025

அண்ணிக்கு,

கால் வழுக்கி விழுந்ததாகத்தான் அப்பா சொன்னார். நானும் அதையே நம்பிக்கொண்டேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது. உங்கள் கோணல் எழுத்தைப் படித்த பிறகு என் கை சோற்றுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை மாரிமுத்து அண்ணன் அப்பா போனில் கூப்பிட்டார். "மன்னிச்சிரும்மா. திங்கக்கெழம வந்து சேந்துக்க, டிசைன் செக்ஷன் முழுசா உன் பொறுப்பு" என்றார். இந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை நாள் பன்றி விரட்டிக்கொண்டே மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன் தெரியுமா? அவர் கூப்பிட்டால் எப்படி முறுக்கிக்கொள்ள வேண்டும், எத்தனை தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று கூட வைத்திருந்தேன். அப்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன் அண்ணி, அதையும் மறைக்கவில்லை. சரோஜம்மாள் வீடு தேடி வந்து, "நம்ம அனிதா மேல தப்பில்லன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அதற்கும் தலையாட்டினேன்.

இரண்டு நாள்தான் அப்படி இருக்க முடிந்தது. பஸ்ஸுக்குத் துணியை எடுத்து வைத்துவிட்டு அப்பா போனை எடுத்தேன். முதலில் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டான், பிறகு எடுக்கவில்லை. அடுத்து மாரிமுத்து அண்ணனிடம் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கோளாறு எனக்குத் தெரியும் என்றேன். தெரிந்தே அலைய விட்டேன், மேசையை இழுக்கச் சொன்னது நான், எறும்பு ஊர்கிறது என்று அண்ணி எழுதிய பிறகும் ஊரட்டும் என்று எழுதினேன், பயம் வந்த பிறகும் போன் செய்யவில்லை என்றேன். நான் முடித்த பிறகு அவர் சொன்னார்:

"டிராயிங்ல தப்பு பண்ணவங்களக் கூட வேலைக்கு வெச்சுக்குவேன்மா. ஆபத்துன்னு தெரிஞ்சே சும்மா இருந்த ஆள என் மெஷின் பக்கத்துல நிக்க வெக்க முடியாது. இங்க கை வெச்சு வேல பாக்கறவங்க இருக்காங்க. நீ வர வேண்டாம்."

போனை வைத்துவிட்டார்.

நீங்கள் அன்று என் மேல் போட்ட பழியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம். கையைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுங்கள். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் நானே சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. காட்டிலிருந்து வந்ததும் சொல்ல வேண்டும். அவர் காலையில்தான் தெருவில் நான்கு பேரிடம் என் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மாரிமுத்து அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை அண்ணி. தீபாவளியிலிருந்து யார் மேலாவது கோபப்பட்டுக்கொண்டேதான் எழுந்தேன், படுத்தேன். இப்போது கோபப்பட ஆள் தேடிப் பார்க்கிறேன், யாரும் இல்லை.

அனிதா